கடைமடையிலிருந்து தலைப்பு வரை

வேதாரண்யம் பக்கத்து வயல்களோடு காவிரிப் பாசனம் முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் உப்பளமும் சதுப்பு நிலமும் கடலும்தான். மேட்டூரில் திறந்துவிட்ட தண்ணீர் முக்கொம்பைக் கடந்து, கல்லணையில் பிரிந்து, வெண்ணாற்றில் இறங்கி, நீடாமங்கலத்தில் மறுபடி பிரிந்து, திருத்துறைப்பூண்டி வழியாக இந்தப் பக்கம் வந்து சேர வேண்டும். ஜூன் 12-ஆம் தேதி அணை திறந்தால் அந்தச் செய்தி அன்றைக்கே வந்துவிடும். தண்ணீர் வர நாளாகும். வராமலே போன ஆண்டுகளும் உண்டு.

வராதபோது கடைமடை விவசாயி கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "தண்ணி எங்க நின்னு போச்சு?" விடை தேடி அவர் மேலே போகிறார். வயல் மடையிலிருந்து டி வாய்க்கால், அது பிரிகிற சி வாய்க்கால், அதற்கு மேலே பி, அப்புறம் ஏ, பிறகு ஆறு, ஆற்றின் தலைப்பு. எந்த மதகு மூடியிருக்கிறது, எங்கே தூர்ந்து கிடக்கிறது, எங்கே ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டிருக்கிறது என்று படிப்படியாக ஏறிப் பார்க்கிறார். கல்லணையில் நிற்கும் பொறியாளரின் கேள்வி எதிர்த் திசையில் ஓடும். வந்திருக்கிற இத்தனை ஆயிரம் கனஅடியில் காவிரிக்கு எவ்வளவு, வெண்ணாற்றுக்கு எவ்வளவு, கல்லணைக் கால்வாய்க்கு எவ்வளவு? அவர் கீழே பார்க்கிறார், கடைமடைக்காரர் மேலே பார்க்கிறார்.

இரண்டும் ஒரே ஆற்றுத் தொகுப்பைப் பற்றிய கேள்விகள்தான். ஆனால் கணினி நிரலுக்கு இரண்டும் ஒன்றல்ல. கீழே இறங்குவதற்கு மரத்தைக் கட்டும்போதே வழி அமைந்துவிடுகிறது. மேலே ஏறுவதற்குத் தனி ஏற்பாடு வேண்டும். பெர்ல் மொழியில் அந்த ஏற்பாட்டைக் கவனமில்லாமல் செய்தால் நிரல் ஓட ஓட நினைவகத்தைத் தின்றுகொண்டே போகும். இந்த அத்தியாயம் அந்த ஏற்பாட்டைப் பற்றியது.

ஆற்றை மரமாக எழுதுவது

கணினியியலில் மரம் என்றால் ஒரு வேர், அதிலிருந்து கிளைகள், கிளைகளிலிருந்து கிளைகள். பிரியும் இடம் ஒவ்வொன்றும் ஒரு கணு. வேரைத் தவிர எல்லாக் கணுவுக்கும் ஒரே ஒரு தாய்க்கணு. கிளைகள் எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம். காவிரி டெல்டாவின் வரைபடத்தைப் பார்த்தால் இந்த வடிவம் கண்ணுக்கு நேராகத் தெரியும். கல்லணையை வேராக வைத்துக்கொள்வோம். அதிலிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நான்கு. இவற்றில் கல்லணைக் கால்வாய் மட்டும் மனிதர் வெட்டியது. மேட்டூர் அணைத் திட்டத்தோடு சேர்ந்து 1934-இல் பயன்பாட்டுக்கு வந்தது. தஞ்சாவூர்க்காரர்கள் இன்றும் அதைப் புது ஆறு என்கிறார்கள். நிரலாளர் கண்ணில் பார்த்தால், பழைய மரத்தின் வேரில் அந்த ஆண்டு ஒரு புதிய கிளை, தன் வாய்க்கால்கள் அத்தனையோடும், சேர்க்கப்பட்டது.

வெண்ணாறு தென்பெரம்பூரில் வெட்டாற்றைப் பிரித்துவிடுகிறது. பிறகு நீடாமங்கலத்து மூணாறு தலைப்பில் பாமணியாறு, கோரையாறு, சின்ன வெண்ணாறு என்று மூன்றாகிறது. கோரையாற்றுத் தொகுப்பில் வருவது முள்ளியாறு. திருத்துறைப்பூண்டியைத் தொட்டுக்கொண்டு வேதாரண்யம் பக்கம் வருவது அதுதான். ஆக, வேதாரண்யத்து வாய்க்கால் ஒன்றின் வம்சாவளியைச் சொன்னால் முள்ளியாறு, கோரையாறு, வெண்ணாறு, கல்லணை என்று போகும்.

ஆற்றுக்குக் கீழே வாய்க்கால்களுக்குத் தனிப் பெயர் வரிசை உண்டு. ஆற்றிலிருந்து நேரே பிரிவது ஏ வாய்க்கால், அதிலிருந்து பிரிவது பி, அப்புறம் சி, டி. ஒவ்வோர் ஆண்டும் தூர்வாரும் செய்திகளில் இந்த எழுத்துகளைப் பார்த்திருப்பீர்கள். இந்த எழுத்து ஒரு வாய்க்கால் எத்தனையாவது படியில் இருக்கிறது என்பதைச் சொல்லும். அதன் தாய் எது என்பதைச் சொல்லாது. சி வாய்க்கால்கள் டெல்டாவில் ஏராளம். இந்தச் சி வாய்க்கால் எந்தப் பி வாய்க்காலில் பிரிகிறது என்று, மதகுகளைப் பார்த்துக்கொள்ளும் அந்தப் பகுதி லஸ்கருக்குத் தெரியும், நிரலுக்குத் தெரியாது. நாம்தான் சொல்லித் தர வேண்டும்.

பெர்லை லாரி வால் 1987-இல் வெளியிட்டார். கோப்புகளிலிருந்து எழுத்துகளைப் பொறுக்கி அறிக்கை தயாரிப்பதற்காகப் பிறந்த மொழி அது. ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய கட்டமைப்புகளை அதில் வசதியாக எழுத முடிந்தது 1994-இல் பெர்ல் 5 வந்தபோதுதான். அந்தப் பதிப்பு சுட்டிகளையும் பொருள்நோக்கு நிரலாக்கத்தையும் ஒன்றாகக் கொண்டுவந்தது. சுட்டி என்பது ஒரு தரவு நினைவகத்தில் எங்கே இருக்கிறது என்று காட்டுவது. ஆங்கிலப் பழக்கத்தில் ரெஃபரன்ஸ் என்று சொல்வது இதைத்தான்.

நம் மரத்தில் ஒவ்வொரு கணுவும் ஒரு ஹாஷ், அதாவது பெயரிட்ட அறைகளின் தொகுதி. அதில் 'பெயர்' என்ற அறையில் முள்ளியாறு என்று இருக்கும். 'கிளைகள்' என்ற அறையில் ஒரு பட்டியல். பட்டியலில் கிளைக் கணுக்களுக்கான சுட்டிகள். இவ்வளவு போதும், கல்லணையிலிருந்து கடைசி மடை வரை இறங்கிவிடலாம். ஒரு சிறிய செயல்கூறு தன்னையே மீண்டும் மீண்டும் அழைத்துக்கொண்டு ஒவ்வொரு கிளையிலும் இறங்கும். மொத்தப் பாசனப் பரப்பைக் கூட்டுவது, பெயர்களை அச்சிடுவது எல்லாம் பத்து வரிக்குள் முடிந்துவிடும்.

இப்போது கடைமடைக்காரரின் கேள்வியைக் கேளுங்கள். கையில் இருப்பது ஒரு டி வாய்க்காலின் கணு. இதன் தாய் யார்? கணுவுக்குள் அந்தத் தகவல் இல்லை. தாயின் பட்டியலில் இந்தக் கணு இருக்கிறது, இந்தக் கணுவில் தாய் இல்லை.

இதற்கு மூன்று வழிகளை நிரலாளர்கள் கையாள்கிறார்கள். ஒவ்வொரு முறையும் வேரிலிருந்து தேடுவது முதல் வழி. மரம் சிறியதென்றால் பரவாயில்லை. பல ஆயிரம் கணு இருந்தால் ஒரு படி ஏறுவதற்காக முழு டெல்டாவையும் சுற்றி வர வேண்டியிருக்கும். ஒவ்வொரு கணுவிலும் அதன் முழு வம்சாவளியை எழுத்தாகவே எழுதி வைப்பது இரண்டாவது. தரவுத்தளங்களில் இதைப் பலர் செய்கிறார்கள், படிக்கவும் சுலபம். ஆனால் ஒரு பி வாய்க்காலின் தலைப்பை வேறு ஏ வாய்க்காலுக்கு மாற்றினால், அதற்குக் கீழே உள்ள எல்லாக் கணுக்களிலும் எழுத்தைத் திருத்த வேண்டும். ஒன்று விட்டுப்போனால் தரவு முரண்படும்.

மூன்றாவது வழிதான் இயல்பானது. ஒவ்வொரு கணுவிலும் 'தாய்' என்று ஓர் அறை; அதில் தாய்க்கணுவுக்கான சுட்டி. ஒரு படி ஏற ஒரே ஒரு பார்வை போதும்.

தாய்ச்சுட்டி வந்துவிட்டால் என்னென்ன கிடைக்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வம்சாவளி கிடைக்கிறது. ஏ, பி, சி என்ற படிநிலையை யாரும் எழுதி வைக்க வேண்டாம். ஆற்றை எட்டும் வரை எத்தனை படி ஏறினோம் என்று எண்ணினால் அதுவே எழுத்தைச் சொல்லிவிடும். எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது பொது மூதாதையைக் கண்டுபிடிப்பது. இரண்டு வாய்க்கால்களுக்குத் தண்ணீர்ப் பங்கீட்டில் சிக்கல் என்றால், அதை எந்த இடத்தில் தீர்க்க வேண்டும்? இரண்டிலிருந்தும் மேலே ஏறிக்கொண்டே போங்கள். இரு பாதைகளும் முதலில் சந்திக்கும் கணுதான் அந்த இடம். தலைப்புகளையும் மரத்தில் கணுக்களாக வைத்திருந்தால், முள்ளியாற்றுக்கும் பாமணியாற்றுக்கும் இடையே நீடாமங்கலம் மூணாறு தலைப்பு. முள்ளியாற்றுக்கும் வெட்டாற்றுக்கும் என்றால் தென்பெரம்பூர். முள்ளியாற்றுக்கும் அரசலாற்றுக்கும் என்றால் கல்லணைக்கே போக வேண்டும், ஏனென்றால் ஒன்று வெண்ணாற்றின் வழி வந்தது, மற்றது காவிரியில் பிரிந்தது. டெல்டாவில் தலைமுறை தலைமுறையாக முறைப்பாசனம் பேசித் தீர்த்தவர்கள் மனதுக்குள் போட்ட கணக்கு இதுதான். தாய்ச்சுட்டி இருக்கும் நிரலில் அது ஏழெட்டு வரி.

எண்ணிக்கை ஏன் பூஜ்யம் ஆவதில்லை

பெர்லில் நினைவகத்தை நிரலாளர் கேட்டுப் பெறுவதும் இல்லை, திருப்பித் தருவதும் இல்லை. ஒவ்வொரு தரவுக்கும் பக்கத்தில் பெர்ல் ஓர் எண்ணை வைத்திருக்கிறது. அந்தத் தரவை இப்போது எத்தனை சுட்டிகள் பிடித்திருக்கின்றன என்பது அந்த எண். புதுச் சுட்டி வந்தால் ஒன்று கூடும், ஒரு சுட்டி போனால் ஒன்று குறையும். பூஜ்யம் ஆன அந்தக் கணமே தரவு அழிக்கப்பட்டு நினைவகம் மீட்கப்படும். இந்த முறையை 1960-இல் ஜார்ஜ் காலின்ஸ் ஓர் ஆய்வுக் கட்டுரையில் முன்வைத்தார். அதே ஆண்டில் ஜான் மெக்கார்த்தி தன் லிஸ்ப் மொழிக்கு வேறொரு முறையைச் சொன்னார்: வேரிலிருந்து எட்டக்கூடியவற்றையெல்லாம் குறியிட்டுவிட்டு, குறி இல்லாதவற்றைக் கூட்டித் தள்ளுவது. ஜாவா போன்ற மொழிகள் மெக்கார்த்தியின் வழியில் போயின. பெர்ல் காலின்ஸின் வழியில் வந்தது.

எண்ணும் முறைக்கு ஒரு பெரிய நன்மை உண்டு. அழிவு எப்போது நடக்கும் என்று துல்லியமாகத் தெரியும். திறந்த கோப்பு அந்த வரியிலேயே மூடப்படும், பூட்டு அந்த வரியிலேயே விடுபடும். தாய்ச்சுட்டி இல்லாத மரத்தில் இது அழகாக வேலை செய்கிறது. கல்லணைக் கணுவை நிரலில் ஒரு மாறி பிடித்திருக்கிறது, எண் 1. மாறியின் ஆயுள் முடிந்ததும் எண் பூஜ்யம், கல்லணைக் கணு அழிகிறது. அழியும்போது அதன் கிளைப் பட்டியலும் போகிறது. வெண்ணாற்றின் எண் பூஜ்யமாகிறது. அடுத்துக் கோரையாறு, அடுத்து முள்ளியாறு. கடைசி மடை வரை வரிசையாக அழிந்து, எடுத்த நினைவகம் முழுதும் திரும்பி வந்துவிடும்.

இப்போது தாய்ச்சுட்டியைச் சேருங்கள். கல்லணையை மாறி ஒன்று பிடித்திருக்கிறது. அதோடு காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் நான்கும் கீழிருந்து பிடித்திருக்கின்றன. எண் 5. மாறியின் ஆயுள் முடிகிறது. எண் 4. பூஜ்யம் இல்லை, ஆகவே அழியாது. கல்லணை அழியாததால் அது பிடித்திருக்கும் வெண்ணாறும் அழியாது. வெண்ணாறு அழியாததால் அது மேலே பிடித்திருக்கும் கல்லணைக்கும் விடுதலை இல்லை. தாய் பிள்ளையைப் பிடித்திருக்கிறது, பிள்ளை தாயைப் பிடித்திருக்கிறது. வெளியிலிருந்து யாரும் அந்த மரத்தை இனி எட்ட முடியாது. நிரலில் அதற்குப் பெயரே இல்லை. ஆனாலும் அது நினைவகத்தில் உட்கார்ந்திருக்கும். நினைவகக் கசிவு என்பது இதுதான். காலின்ஸின் முறையில் வட்டமாகச் சுற்றிவரும் பட்டியல்கள் மீளாது என்பதை 1963-லேயே மெக்பெத் என்பவர் சுட்டிக்காட்டிவிட்டார். பெர்ல் பிறப்பதற்கு 24 ஆண்டுகள் முன்பு.

ஒரு முறை ஓடி முடிகிற சிறு நிரலில் இது யாருக்கும் தெரியாது. நிரல் முடியும்போது பெர்ல் மிச்சமுள்ள எல்லாவற்றையும் அழித்துவிடுகிறது. நாள் முழுக்க ஓடும் நிரலில்தான் வினை. நீர்மட்ட அளவீடுகளைப் படித்து, மணிக்கு ஒரு முறை டெல்டா மரத்தைப் புதிதாகக் கட்டும் நிரல் ஒன்றை எண்ணிப் பாருங்கள். மரத்தில் 10,000 கணு, கணுவுக்குச் சுமார் 1 கிலோபைட் என்று வைத்துக்கொண்டால் ஒரு மரம் 10 மெகாபைட். ஒரு நாளில் 240 மெகாபைட், ஒரு வாரத்தில் 1,680. முதல் நாள் சோதனையில் எல்லாம் சரியாக இருக்கும். இரண்டாம் வாரத்தில், மழையும் வெள்ளமுமாக அந்த நிரல் மிகவும் தேவைப்படும் நேரத்தில், கணினி திணறி நிற்கும்.

இந்தச் சிக்கலின் பழைய முகத்தைப் பெர்லின் எச்.டி.எம்.எல். ட்ரீபில்டர் என்ற தொகுப்பில் பார்க்கலாம். எந்த இணையப் பக்கமும் ஒரு மரம்தான்; ஒவ்வொரு உறுப்பும் தன் தாயுறுப்பைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அந்தத் தொகுப்பில் தாய்ச்சுட்டி இருந்தது, ஆகவே வட்டமும் இருந்தது. வேலை முடிந்ததும் மரத்தை அழிக்கும் கட்டளையைப் பயனரே கொடுக்க வேண்டும் என்று அதன் கையேடு வற்புறுத்தியது. கட்டளையை மறந்தால் கசிவு. மறக்காவிட்டாலும், நடுவில் ஒரு பிழை எழுந்து நிரல் வேறு பாதையில் குதித்துவிட்டால் அந்த வரி ஓடவே ஓடாது. அந்தத் தொகுப்பின் ஐந்தாம் பதிப்பில்தான் இதிலிருந்து விடுபடும் வழி ஒரு தெரிவாகச் சேர்க்கப்பட்டது.

பிடிக்காமல் காட்டும் சுட்டி

அந்த வழியின் பெயர் வலுவற்ற சுட்டி. டூமாஸ் லுக்கா உருவாக்கியதை 2000-ஆம் ஆண்டில் வந்த பெர்ல் 5.6 ஏற்றுக்கொண்டது. 2002-இல் வந்த 5.8 முதல், ஸ்கேலார் யூட்டில் என்ற தொகுப்பு பெர்லோடு சேர்ந்தே வருகிறது. அதிலுள்ள 'வீக்கன்' என்ற செயல்கூறு ஒரு சுட்டியை வலுவற்றதாக்கும்.

வலுவற்ற சுட்டி வழக்கமான சுட்டியைப் போலவே இடத்தைக் காட்டும், அதைப் பின்பற்றிப் போகலாம், தாயின் பெயரைக் கேட்கலாம். ஒரே வேறுபாடு, அது எண்ணிக்கையில் சேராது. தான் காட்டும் தரவு அழிந்துவிட்டால், அந்தச் சுட்டி தானாகவே வெற்றாகிவிடும். அழிந்துபோன இடத்தைக் காட்டிக்கொண்டு நிற்காது. இதற்காகப் பெர்ல் ஒவ்வொரு தரவோடும் தன்னைச் சுட்டும் வலுவற்ற சுட்டிகளின் பட்டியலை உள்ளே வைத்திருக்கிறது; தரவு அழியும்போது பட்டியலில் உள்ள ஒவ்வொன்றையும் துடைத்துவிடுகிறது.

கிளையில் உள்ள தாய்ச்சுட்டியை வலுவற்றதாக்கினால் கல்லணையின் எண் மறுபடி 1. மாறி போனதும் பூஜ்யம். மரம் முழுவதும் முன்போல் வரிசையாக அழியும். மேலே ஏறும் வசதியும் இருக்கிறது, கசிவும் இல்லை.

எந்தத் திசையை வலுவற்றதாக்குவது என்பதில் தடுமாறக் கூடாது. தாயின் பட்டியலில் உள்ள சுட்டிகளை வலுவற்றதாக்கினால், வெண்ணாற்றைச் சேர்த்து முடித்த அடுத்த நொடியே அதைப் பிடிக்க ஆளில்லாமல் வெண்ணாறு மறைந்துவிடும். கல்லணையின் பட்டியலில் ஒரு வெற்றிடம்தான் மிஞ்சும். உடைமை மேலிருந்து கீழே இறங்க வேண்டும். கீழிருந்து மேலே போவது அறிதல் மட்டும். முள்ளியாற்றுக்குக் கோரையாற்றைத் தெரிந்திருக்க வேண்டும். கோரையாற்றை உயிரோடு வைத்திருக்கும் பொறுப்பு முள்ளியாற்றுக்கு வேண்டாம்.

கொள்கை இவ்வளவுதான். நடைமுறையில் இடறும் இடங்கள் சில உண்டு. அவற்றில் ஒன்று மிக ஆபத்தானது.

ஒரு செயல்கூறு கோப்பைப் படித்து டெல்டா மரத்தைக் கட்டுகிறது. வேரைத் தன் உள்மாறி ஒன்றில் வைத்திருக்கிறது. முள்ளியாற்றைத் தேடிக் கண்டுபிடித்து அந்தக் கணுவை மட்டும் திருப்பித் தருகிறது. பார்க்கக் குற்றமில்லாத நிரல். ஆனால் செயல்கூறு முடிந்ததும் உள்மாறி போகிறது, கல்லணையின் எண் பூஜ்யமாகிறது. கல்லணை அழிந்து, வெண்ணாறு அழிந்து, கோரையாறும் அழிகிறது. முள்ளியாற்றை மட்டும் நாம் பெற்ற சுட்டி பிடித்திருப்பதால் அது தப்புகிறது. அதன் தாய்ச்சுட்டி வெற்றாகியிருக்கிறது. இப்போது "உன் தலைப்பு எது?" என்று கேட்டால், தாய் இல்லாத கணுதான் வேர் என்ற விதிப்படி முள்ளியாறு தன்னையே வேர் என்று சொல்லும். பிழைச் செய்தி வராது, எச்சரிக்கை வராது. பதில் மட்டும் தவறாக இருக்கும். வலுவான சுட்டி இருந்தபோது நினைவகம் கசிந்தது. இப்போது உண்மை கசிகிறது. இரண்டில் இதுதான் கொடியது என்பது என் கருத்து, ஏனென்றால் நின்றுபோன நிரலைச் சரிசெய்ய ஆள் வருவார்; தவறான பதிலை நம்பி முடிவெடுத்துவிடுவார்கள்.

இதற்கு இரண்டு காப்புகள் போட வேண்டும். ஆற்றுத்தொகுப்பு என்று தனிப் பொருள் ஒன்றை உருவாக்கி, வேரை அதில் வைத்து, வேலை முடியும் வரை அதைக் கையில் வைத்திருப்பது ஒன்று. இரண்டாவதைப் பலர் செய்வதில்லை: வேர்க்கணுவில் 'நான் வேர்' என்று வெளிப்படையாகக் குறித்து வைப்பது. மேலே ஏறும் செயல்கூறு தாய் இல்லாத கணுவை எட்டும்போது இந்தக் குறி இருக்கிறதா என்று பார்க்கட்டும். இல்லையென்றால் தாய் தொலைந்துவிட்டது என்று பொருள்; உடனே பிழை எழுப்பி நிற்கட்டும். தாய் இல்லாததும் தாயை இழந்ததும் வேறு வேறு நிலைகள். வெற்றுச் சுட்டி ஒன்றே இரண்டையும் குறிக்க விடக் கூடாது.

அடுத்த இடறல், நகல். வலுவற்ற சுட்டியை வேறொரு மாறியில் நகலெடுத்தால் நகல் வலுவானது. மேலே ஏறும் சுழற்சியில் இது நமக்கு உதவுகிறது. ஏறிக்கொண்டிருக்கும்போது நாம் நிற்கும் கணு மறைந்துவிடாது, ஏறி முடிந்ததும் தற்காலிக மாறி போய்விடும். ஆனால் அந்த நகலை இன்னொரு கணுவின் 'தாய்' அறையில் கொண்டுபோய் வைத்தால் வட்டம் திரும்பவும் வந்துவிட்டது. இதே தவறு வேறு உருவிலும் வரும்: தாயைப் பிடித்திருக்கும் உள்மாறியின் மேல் வீக்கனை ஏவிவிட்டு, பிறகு அதைக் கணுவின் அறைக்கு நகலெடுப்பது. வலுவற்றது உள்மாறி, அறையில் இருப்பது வலுவானது. முதலில் அறையில் வைத்துவிட்டு, அந்த அறையின் மேலேயே வீக்கனை ஏவ வேண்டும்.

ஆகவே கிளையைச் சேர்க்கும் வேலையை ஒரே ஒரு செயல்கூறில் வையுங்கள். நிரலின் வேறெந்த மூலையும் 'தாய்' அறையையோ 'கிளைகள்' பட்டியலையோ தொடக் கூடாது. அந்தச் செயல்கூறு முதலில், சேர்க்கப்போகும் கணு புதுத் தாயின் மூதாதைகளில் ஒன்றாக இருக்கிறதா என்று மேலே ஏறிப் பார்க்கும்; முள்ளியாற்றுக்குக் கீழே யாராவது வெண்ணாற்றைச் சேர்க்க முயன்றால் அங்கேயே மறுக்கும். பிறகு, அந்தக் கணுவுக்கு ஏற்கெனவே ஒரு தாய் இருந்தால் அந்தத் தாயின் பட்டியலிலிருந்து நீக்கும். பின்னர் புதுத் தாயின் பட்டியலில் சேர்த்து, தாய்ச்சுட்டியை வைத்து, அதை வலுவற்றதாக்கும். பட்டியல் ஒரு தாயைச் சொல்ல, சுட்டி வேறொரு தாயைச் சொல்வதற்கு இனி இடமில்லை. பிரிப்பதற்கும் ஒரே செயல்கூறுதான். பிரிக்கும்போது பட்டியல்தான் அந்தக் கணுவின் ஒரே பிடி என்பதை மறக்கக் கூடாது. பிரித்த கணுவைத் திருப்பித் தந்தால்தான் அழைத்தவர் அதைப் பிடித்துக்கொள்ள முடியும். இல்லையென்றால் தன் வாய்க்கால்கள் அத்தனையோடும் அது அந்த வரியிலேயே அழிந்துவிடும்.

சரியாகச் செய்திருக்கிறோமா என்று பார்க்கக் கருவிகள் உண்டு. லிங்கன் ஸ்டைன் எழுதிய டெவல் சைக்கிள் என்ற தொகுப்பு ஒரு பொருளைக் கொடுத்தால் அதில் எங்கே வட்டம் இருக்கிறது என்று காட்டும். ஆண்டி லெஸ்டரின் டெஸ்ட் மெமரி சைக்கிளைச் சோதனை நிரல்களோடு சேர்த்துவிட்டால், பின்னாளில் யாராவது ஒரு வீக்கனை நீக்கிவிட்டாலும் சோதனை தோற்று எச்சரிக்கும்.

மற்ற மொழிகள் என்ன செய்தன? பைத்தானும் எண்ணும் முறையில்தான் இயங்குகிறது. ஆனால் 2000-இல் வந்த 2.0 பதிப்பில் வட்டங்களைத் தேடிப் பிடித்து அழிக்கும் துணை ஏற்பாட்டைச் சேர்த்துக்கொண்டது. பி.எச்.பி. 2009-இல் 5.3 பதிப்பில் அப்படியே செய்தது. பெர்ல் சேர்க்கவில்லை. அதனால் பெர்ல்காரர் ஒவ்வொரு சுட்டியிலும் யார் உடைமையாளர், யார் அறிந்தவர் மட்டும் என்று முடிவெடுத்தாக வேண்டும். இது சுமை என்று சொல்வோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தக் கேள்வி எந்த மொழியிலும் இருக்கிறது. பெர்ல் அதைத் தள்ளிப்போட விடுவதில்லை.

வேதாரண்யம் கால்வாயில் மரம் முடிகிறது

இதுவரை டெல்டாவை மரம் என்றே பேசினோம். வேரிலும் நுனியிலும் அது மரமாக இல்லை.

வேரில் கொள்ளிடம். அது முக்கொம்பிலேயே காவிரியிலிருந்து பிரிந்துவிடுகிறது. பிறகு கல்லணையிலும் மிகுநீர் அதற்குள் விடப்படுகிறது. ஆக அதற்கு இரண்டு தாய்.

நுனியில் வேதாரண்யம் கால்வாய். நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கடற்கரையை ஒட்டி 19-ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்டது. உப்பு ஏற்றிய படகுகள் அதில் போயின. மேற்கிலிருந்து கடலை நோக்கி வரும் ஆறுகளையும் வடிகால்களையும் அது குறுக்காகச் சந்திக்கிறது. அதில் ஓடும் தண்ணீரின் தாய் எது என்றால் ஒற்றைப் பதில் கிடையாது. டெல்டாவில் ஒரு வயலின் வடிகால் அடுத்த வயலின் பாசன வாய்க்காலாக இருப்பதும் வழக்கம். கடற்கரைக்கு நெருங்கினால் திசையே மாறும். ஆற்றில் நீர் குறைந்த காலத்தில் கடல்நீர் முகத்துவாரம் வழியாக உள்ளே ஏறி வரும். அதைத் தடுக்கத்தான் கடைமடைப் பகுதியில் இயக்கு அணைகள் இருக்கின்றன. தாய்ச்சுட்டி கட்டமைப்பைச் சொல்வது. அன்றைக்குத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அது சொல்லாது. அந்தத் தகவலை வேறோர் அறையில் வைக்க வேண்டும்.

ஒரு கணுவுக்குப் பல தாய் இருந்தால் 'தாய்' அறை 'தாய்கள்' என்ற பட்டியலாக வேண்டும். பட்டியலின் ஒவ்வொரு சுட்டியும் வலுவற்றதாக வேண்டும். உடைமை யாருக்கு? இரண்டு தாயும் பிடித்திருந்தால் தவறில்லை, ஒன்று போனாலும் மற்றது வைத்திருக்கும். ஆனால் வடிகாலும் பாசனமும் பின்னிக் கிடக்கும் வலையில், கிளைச்சுட்டிகள் வழியாகவே சுற்றிப் பழைய இடத்துக்கு வந்து சேரும் பாதைகள் உண்டாகலாம். அங்கே கீழ்நோக்கிய சுட்டியும் வட்டம் போடும். இப்படிப்பட்ட வலைக்குத் தெளிவான தீர்வு, உடைமையை ஆறுகளிடமிருந்தே எடுத்துவிடுவது. ஆற்றுத்தொகுப்புப் பொருளில் எல்லாக் கணுக்களையும், ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி அடையாளம் கொடுத்து, ஒரே ஹாஷில் வைத்துவிடுங்கள். அது மட்டும் வலுவான பிடி. மேலே காட்டும் சுட்டி, கீழே காட்டும் சுட்டி இரண்டையும் வலுவற்றதாக்குங்கள். தொகுப்பு இருக்கும் வரை எல்லாக் கணுவும் இருக்கும். தொகுப்பு போனால் எல்லாம் போகும். நடுவில் எத்தனை வட்டம் இருந்தாலும் கவலையில்லை.

மரம் போதும் என்ற இடத்தில் இதைச் செய்ய வேண்டாம். ஒவ்வொரு கணுவுக்கும் ஒரே தாய் என்பது உங்கள் தரவில் உறுதி என்றால் கிளை வலுவாக, தாய் வலுவற்றதாக இருக்கும் முதல் முறையே எளிது, அதையே பின்பற்றுங்கள். எழுதத் தொடங்கும் முன் உங்கள் கணினியில் உள்ள பெர்லின் பதிப்பைப் பாருங்கள். 5.8 அல்லது அதற்குப் பிந்தையது என்றால் வீக்கன் ஏற்கெனவே அதில் இருக்கிறது. தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை.